போதைப்பொருட் கடத்தல் தடுப்பு: சோதனைச் சாவடியும் ஊராட்சியின் கடமையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுள் முதல் வளைவை அடையுமுன்னரே அடிவாரச் சோதனைச் சாவடி எதிர்ப்படுகிறது. மிளகு மூட்டை, காப்பிக் கொட்டை, ஆரஞ்சுக் கூடை, சில்வர் ஓக் மரம் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு இறங்கும் உழவர் யாவரும் அச்சாவடியை நன்கு அறிவர். அங்கு நிற்க நேரும் அரைமணிப் பொழுது சந்தை விலையைக் குறைத்துவிடும் என்ற மனக்குறையும் அவர்களுக்கு உண்டு.

சில நாட்களுக்கு முன்னர், சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் நடந்த கிராம சபையில் முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நம் மலைக்குப் பக்கத்தில் கடலும் இல்லை, அயல்நாடும் இல்லை. பக்கத்து மாநிலம்கூட இல்லை. அப்படியிருக்க, எல்லைச் சோதனை என்று சொல்லி எங்கள் கூடையை அவிழ்ப்பது எதற்காக?” என்று வினவினார். கூடியிருந்தோர் சிலர் நகைத்தனர். ஆயினும் அவ்வினா நகைப்புக்குரியதன்று. அதற்கு அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எல்லை எங்கே உளது?

தமிழ்நாட்டுக்குள் வரும் கஞ்சாவின் பெரும்பகுதி இம்மாநிலத்தில் விளைவதன்று. ஒரு காலத்தில் தேனிப் பக்கத்து வருசநாட்டு மலைகள் அப்பயிருக்குப் பெயர்பெற்றிருந்தன. இன்றோ, ஆந்திரப் பிரதேசத்தின் விசாகப்பட்டினத்து மலைப்பகுதியும், அதனை அடுத்துள்ள ஒடிசா மாநிலத்துக் கோராபுட், மல்கான்கிரி மாவட்டங்களுமே அதன் விளைநிலங்கள். அவ்விடங்களில் வாழ்வோரும் நம் மலையாளி மக்களைப் போன்ற மலைவாழ் உழவர்களே. முன்பணம் கொடுத்துப் பயிரிடச் செய்பவன் வெளியூரான். பிடிபட்டுச் சிறை செல்பவன் நிலத்துக்காரன். 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரக் காவல் துறை ‘பரிவர்த்தனா’ என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்ற பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் ஏறத்தாழ 2 லட்சம் கிலோ கஞ்சாவை ஓரிடத்தில் குவித்து எரித்தது. அவ்வாண்டுகளிலேயே தமிழகக் காவல் துறையும் ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் தொடர் சோதனைகளை நடத்தியது.

அச்சரக்கு தெற்கே வரும் வழியை நோக்குவோம். கிழக்குக் கடற்கரையை ஒட்டி வரும் இரயில்கள், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் வந்து, ஈரோட்டைக் கடந்து கேரளம் செல்கின்றன. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு வண்டியில், இருக்கைகளின் அடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளைச் சேலம் இரயில்வே காவலர் கைப்பற்றும் செய்தியை நாளிதழ்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சாலை வழியை எடுத்துக்கொண்டாலும் பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய நான்கு திசைச் சாலைகளும் சேலத்தில் கூடுகின்றன. எனவே, மாநில எல்லையில் தப்பிய பொதிக்கு அடுத்த எல்லை சேலமே. அங்கும் தப்பியது சில்லறையாகப் பிரிந்து, விடுமுறைக் கூட்டம் சேரும் மலைவாசத் தலத்தை நாடுவது இயற்கை. கோடை விழாக் காலத்தில் ஏற்காட்டுக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கையை நேரிற் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபொழுது, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. வணிகத்துக்கு அது பெரும் நன்மை. லாரிகள் நாட்கணக்கில் வரிசையில் நிற்கும் துன்பம் ஒழிந்தது. ஆனால் ஒவ்வொரு லாரியும் ஓரிடத்தில் நின்று தாள்களைக் காட்டிச் செல்லும் வழக்கமும் அத்துடன் ஒழிந்தது. இனி எந்த வண்டியை நிறுத்துவது என்பதைக் காவலர் தாமே தெரிந்து நிறுத்த வேண்டும். தெரிந்து நிறுத்துவதற்குத் தகவல் வேண்டும். தகவல் ஊர்களிலிருந்தே வர வேண்டும்.

சேலம் முன்னர்க் கற்ற பாடம்

எல்லைச் சோதனை என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராஜாஜி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அரசாங்கம், மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் ஜில்லாவிலேயே நடைமுறைப்படுத்தியது. இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்துள் அடங்கியிருந்தன. ஒரு ஜில்லாவில் மட்டும் கள்ளும் சாராயமும் குற்றம். சுற்றியிருந்த ஜில்லாக்களிலும் மைசூர்ச் சமஸ்தானத்திலும் குற்றமில்லை. எல்லைக்கோட்டின் இப்பால் குடித்தவன் குற்றவாளி; பத்தடி நடந்து அப்பால் குடித்தவன் வாடிக்கைக்காரன். இந்நிலையில் எல்லையைக் காப்பது எத்துணை அரிய வேலை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1938இல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939இல் வட ஆற்காட்டுக்கும் மதுவிலக்கு விரிவுபடுத்தப்பட்டது. கலால் வருமானம் குறைந்ததை ஈடுசெய்யும் பொருட்டு 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னாளில் லாரிகளை எல்லையில் நிறுத்திய வணிகவரிச் சாவடிகளுக்கு வித்து அச்சட்டமே என்பது ஒரு வேடிக்கை. மதுவைத் துறந்ததன் விலையாக வந்த வரி, போதைப்பொருளைத் தற்செயலாகத் தடுக்கும் சாவடிகளையும் தந்து, எண்பது ஆண்டுகளுக்குள் அவற்றைத் தானே எடுத்துக்கொண்டும் சென்றது.

1937ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் உயிருடன் உளது. கல்வராயன் மலையை அடுத்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னர், அம்மாத இறுதியிலேயே சட்டமன்றம் அதனைத் திருத்தி, உயிரிழப்பு நேருமாயின் ஆயுட் சிறையும் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழிசெய்தது. தண்டனையைக் கடுமையாக்குவது ஒரு நாள் வேலை. அச்சாராயம் மாதக்கணக்கில் விற்கப்பட்டபொழுது அறிந்திருந்தும் பேசாதிருந்த வாய்களைப் பேசவைப்பது ஒரு நாளில் ஆகாதது.

போதைப்பொருட் சட்டம்

கஞ்சா, அபின் முதலியவை குறித்து உலக நாடுகள் 1961இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அன்றிக் கஞ்சாவைப் பயன்படுத்துவதை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அதனை ஒட்டி இந்திய நாடாளுமன்றம் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தை இயற்ற, அது 1985 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1989, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் பெருந்திருத்தங்கள் செய்யப்பட்டன.

கஞ்சாச் செடியை வளர்ப்பது, ஒரு செடியாயினும், குற்றம். அதற்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வைத்திருத்தல், விற்றல், கொண்டுசெல்லுதல் ஆகியவற்றுக்கு எடையே அளவுகோல். ஒரு கிலோவுக்கு உட்பட்டது சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பதினாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குப் பத்து ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். இடைப்பட்ட அளவுக்குப் பத்து ஆண்டு வரை. 2001ஆம் ஆண்டுக்கு முன்னர் இத்தகைய படிநிலை செம்மையாக இல்லை. சில்லறைக் குற்றவாளியும் பெருவணிகனும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிறுக்கப்பட்டனர். வணிக அளவில் பிடிபட்டவனுக்கு ஜாமீன் கிடைப்பது அரிது. அவன் குற்றமற்றவன் என நம்ப நியாயமான காரணம் உண்டென்று நீதிமன்றம் கருதினாலன்றி விடுவிக்க இயலாது.

கூலிக்குப் பை தூக்குவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். ‘சேலம் பஸ் நிலையத்தில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், ஐந்நூறு ரூபாய் தருவார்’ என்று கொடுக்கப்படும் பை இருபத்திரண்டு கிலோ இருக்குமாயின், தூக்கியவனின் இருபது வயது நாற்பது வயதாகலாம். அதனுள் இருப்பது தனக்குத் தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் இச்சட்டத்தில் தூக்கியவன் மேலேயே விழுகிறது.

சோதனை எவ்வாறு நடைபெற வேண்டும்?

இச்சட்டத்தின் வலிமை தண்டனையில் மட்டும் இல்லை. சோதனை முறையிலும் உளது. எத்தனையோ வழக்குகள், சரக்கு கைப்பற்றப்பட்டும், சோதனை முறைப்படி நடவாமையால் தோற்றிருக்கின்றன. ஆகவே முறையைப் பொதுமக்களும் அறிந்திருத்தல் இருபுறமும் நன்மை பயக்கும். முறையறிந்த ஊரில் குற்றவாளி தப்ப மாட்டான். குற்றமற்றவன் அகப்படவும் மாட்டான்.

பொது இடத்திலும் சாலையிலும் அதிகாரம் பெற்ற அலுவலர், ஐயுறுவதற்குக் காரணம் இருப்பின், வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். வீட்டுக்குள் நுழைவதாயின், கதிரவன் எழுந்தது முதல் மறையும் வரையில், தாம் பெற்ற தகவலை எழுதி வைத்துவிட்டு வாரண்டு இன்றியும் நுழையலாம். இரவில் நுழைவதாயின், வாரண்டு பெறத் தாமதித்தால் சான்று மறைக்கப்படும் அல்லது குற்றவாளி தப்பிவிடுவான் என்று தாம் கருதும் காரணத்தையும் எழுதியாக வேண்டும். அதன் நகல் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குச் செல்ல வேண்டும்.

ஒருவருடைய உடலைச் சோதிக்குமுன், ‘கெஜட் பதிவு பெற்ற அலுவலர் அல்லது மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டுமென்று கேட்கும் உரிமை உமக்கு உண்டு’ என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். இது வெறும் மரபன்று, கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2010இல் தீர்ப்பளித்தது. ஆனால் கையிலுள்ள பைக்கும், வண்டியிலுள்ள மூட்டைக்கும் இவ்வுரிமை பொருந்தாது, உடலுக்கே பொருந்தும். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும். காப்பி பறித்துவிட்டு மாலையில் இறங்கும் மகளிர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். ஊராட்சி உறுப்பினராக உள்ள பெண்மணிகள் அவர்களுக்கு இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என விதிக்கிறது. கைப்பேசியிலேயே அதனைச் செய்யலாம். எல்லைச் சோதனையைச் சீர்ப்படுத்திய அண்மைக்காலச் சட்டங்களுள் இதனையே நாம் முதன்மையானதாகக் கருதுகிறோம். விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் ‘யார், எங்கே, எதை எடுத்தார்’ என்பதைக் காட்டும் ஒரு பதிவு உண்மைக்குப் பெருந்துணை. மேலும், போதைப்பொருள் அதிகாரியிடம் ஒருவன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகப் பயன்படுத்துதல் கூடாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு நம் மாநிலத்திலிருந்து சென்றதே: தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. ஆகவே இனி அடித்துப் பெறும் வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை. நேர்மையாக நடந்த சோதனைக்கே மதிப்பு. காரணமின்றித் தொல்லை கொடுக்கும் நோக்கத்துடன் சோதனை செய்யும் அலுவலருக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு என்பதையும் கூறி வைக்கிறோம்.

அயல்நாடுகளும் இத்துறையில் சட்டம் செய்து வருகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடு 2018 ஜனவரியில் இயற்றிய சட்டமொன்று, எல்லை அலுவலர்க்கு நுண்ணிய அளவு நஞ்சையும் கண்டறியும் வேதிச் சோதனைக் கருவிகளை வழங்க வகைசெய்தது. மணல் துகள் போன்ற சிறு அளவிலேயே உயிரைப் பறிக்கும் ஃபென்டனில் அங்கே அஞ்சலிலும் பொதியிலும் வந்ததே காரணம். நம் நாட்டில், 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. தாள்களில் அது ஆப்கானிஸ்தானத்து மாக்கல். தாளைப் பார்த்து முத்திரையிட்டிருந்தால் அது போயே இருக்கும்.

ஊராட்சிக்குச் சட்டம் இட்ட கடமை

இனி இக்கட்டுரையின் முதன்மையான பகுதிக்கு வருகிறோம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46, 47ஆம் பிரிவுகளை ஊராட்சித் தலைவர், உறுப்பினர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தவர் மிகச் சிலரே என்பது நம் அனுபவம். கிராம சபையில் நாம் இதனைக் கூறியபொழுது, பல ஆண்டுகள் பொதுப்பணியில் உள்ள ஒரு பெரியவரே, “இது எங்களையும் கட்டுமா?” என்று வியந்தார்.

46ஆம் பிரிவு நிலம் உடையோரைக் கட்டுவது. தம் நிலத்தில் கஞ்சாச் செடி சட்டவிரோதமாகப் பயிரிடப்பட்டிருப்பின், அதனை அவர் உடனே தெரிவிக்க வேண்டும்; அறிந்தும் தெரிவியாதிருப்பின் தண்டனைக்குரியவர். 47ஆம் பிரிவு அரசு அலுவலர் ஒவ்வொருவரையும், பஞ்சாயத்துத் தலைவர், உறுப்பினர், கிராம அலுவலர் ஆகியோரையும் கட்டுவது. எந்த நிலத்திலாயினும் அத்தகைய பயிர் இருப்பது தம் அறிவுக்கு எட்டினால் உடனே தெரிவிக்க வேண்டும். புறக்கணித்தால் அவரும் தண்டனைக்குரியவரே. ‘அடுத்தவன் காட்டில் நடப்பது நமக்கு எதற்கு?’ என்ற சொல் வீட்டுத் திண்ணையில் செல்லலாம். உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குச் செல்லாது.

எவரிடம் தெரிவிப்பது? காவல், வருவாய் முதலாகச் சட்டத்தின் 42ஆம் பிரிவிற் குறித்த துறைகளின் அலுவலரிடம். இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது நம் பொறுப்பு. வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு வந்து சொல்லிவிட்டுச் செல்வதால் சட்டம் இட்ட கடமை முடிந்ததாகாது. நாம் அத்துறையினர் அல்லோம். எம்மிடம் சொன்னால் நாமும் 47ஆம் பிரிவின்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆயினும் சொல்வோர் நேரே அங்குச் சொல்வதே காலத்தை மிச்சப்படுத்தும்.

நம் மலையில் இது ஏன் குறிப்பாக வேண்டப்படுகிறது? சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. 1820களில் கலெக்டர் காக்பர்ன் நட்ட செடிகளிலிருந்து வளர்ந்தது அத்தொழில். அதன் விளைவாக நிலவுடைமை இருவகையாகப் பிரிந்து நிற்கிறது. பெரிய எஸ்டேட்டுகளின் உரிமையாளர் பலர் தொலைவிலுள்ள நகரங்களில் வாழ, காவற்காரர் ஒருவரே நூறு ஏக்கரைப் பார்க்கிறார். மற்றொரு புறம், நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, மாரமங்கலம் முதலிய ஊர்களில் மலையாளி உழவரின் சிறு நிலங்கள் சரிவுகளிற் சிதறிக் கிடக்கின்றன. நிழல் மரங்களின் அடியில், ஓடையோரத்தில், கண்ணுக்கு மறைவாய் நாலு பாத்தி அமைப்பது எளிது. வெளியூரான் ஒருவன் வந்து, ‘மூலிகை பயிரிடப் போகிறேன், உமக்குக் குத்தகையாகப் பெருந்தொகை தருகிறேன், நிலத்துப் பக்கம் வர வேண்டாம்’ என்பானாயின், அக்கடைசிச் சொல்லிலேயே உழவர் விழித்துக்கொள்ள வேண்டும். தன் நிலத்தின் பக்கம் வரவேண்டாம் என்று நிலத்துக்காரனிடம் கூறும் குத்தகைக்காரனை வேறு எங்கே கண்டிருக்கிறோம்? குத்தகையை எழுத்தில் செய்க. பயிரின் பெயரை அதிற் குறிக்க. மாதம் ஒருமுறை நிலத்தை நேரிற் சென்று காண்க.

செடியை அறியும் வகை

‘அறிந்தால்தானே சொல்வது? செடியையே நாங்கள் கண்டதில்லையே!’ என்பார் உளர். நியாயமான கூற்று. கஞ்சாச் செடி ஆளுயரத்துக்கும் மேலாக வளர வல்லது. இலை, கைவிரல்களை விரித்தாற்போல் ஒரே காம்பில் ஐந்து அல்லது ஏழு நீண்ட சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் ஓரத்திலும் அரிவாட் பல் போன்ற வெட்டு உண்டு. இதழ் விரிந்த பூ இராது. நுனியில் பசுமையான கொத்துகளாகப் பூக்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூங்கொத்தைத் தொட்டால் விரலில் பிசின் ஒட்டும், மணம் நெடியது. அப்பூங்கொத்தே கஞ்சா எனச் சட்டம் கூறுகிறது.

சேலத்து உழவர்க்குப் பழகிய மரவள்ளியின் இலையும் விரல் விரித்தாற்போன்றதே. ஆனால் அதன் ஓரத்தில் பல் இல்லை. நார்ப்பயிராகிய புளிச்சையின் இலை கஞ்சாவை மிகவும் ஒத்தது. அதன் தாவரவியற் பெயரிலேயே கஞ்சாவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது! ஆனால் புளிச்சை, நடுவில் கருஞ்சிவப்புக் கண்ணுடைய பெரிய மங்கிய மஞ்சட்பூ பூக்கும். தண்டில் சிறு முட்கள் இருக்கும். துலுக்கச் சாமந்தியின் இலையிலும் பல் உண்டெனினும், அது இறகு போல் இருபுறமும் வரிசையாக அமைந்தது. ஐயம் தீராவிடின் செடியைப் பிடுங்கி எடுத்துச் செல்லற்க. பிடுங்கி எடுத்துச் செல்பவர், சட்டத்தின் கண்ணில், அதனை வைத்திருப்பவராவார். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் கூறுக. முடிந்தால் தொலைவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்க. தாமே வெட்டி எரித்துவிட்டால் ஊரின் பெயர் கெடாது என்று எண்ணுவோரும் உண்டு. அது சான்றை அழிப்பதாக முடியும். பயிரிட்டவனும் அடுத்த சரிவுக்குச் சென்றுவிடுவான்.

வண்டி உடையோர்க்கு

ஜீப்பும் சரக்கு வண்டியும் இன்றி மலையில் பிழைப்பில்லை. கடனுக்கு வாங்கிய வண்டியை வாடகைக்கு விடுவோர் இப்பகுதியிற் பலர். கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டியை அரசாங்கம் பறிமுதல் செய்யலாம் என்று 60ஆம் பிரிவு கூறுகிறது. உரிமையாளர் தப்ப வேண்டுமாயின், தாமோ, தம் முகவரோ, வண்டியை ஓட்டியவரோ அறியாமல் அது நடந்தது என்பதையும், அவர்கள் ஒவ்வொருவரும் தக்க முன்னெச்சரிக்கை எடுத்துக்கொண்டிருந்தனர் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்பது மட்டும் போதாது. வாடகைக்கு எடுத்தவரின் பெயர், முகவரி, ஏற்றிய சரக்கு, ஏற்றிய இடம், இறக்கிய இடம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி, வாடகைக்காரரின் கையொப்பத்தையும் பெறுவது அத்தகைய முன்னெச்சரிக்கை. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஏழு லட்சம் ரூபாய் வண்டியைக் காக்கக்கூடும். வீடோ, கிடங்கோ, விருந்தினர் விடுதியோ இக்குற்றத்துக்குப் பயன்பட அறிந்தே இடமளிப்பவருக்கும், குற்றம் செய்தவருக்கு உரிய தண்டனையே கிடைக்கும் என்பது 25ஆம் பிரிவு. வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவோர் இதனை உளங்கொள்க.

காத்திருக்கும் நேரத்தைக் குறித்த உழவரின் குறையை நாம் புறக்கணிக்கவில்லை. விளைபொருளின் பட்டியலையும், மரமாயின் வனத்துறைச் சீட்டையும் முன்கூட்டியே கையில் வைத்திருப்பின் நேரம் பாதியாகும். மூட்டைகளின் மேல் எண் இட்டிருப்பதும் நன்று. சோதனை அலுவலர் நயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதை உரிய கூட்டங்களில் நாமும் தொடர்ந்து வற்புறுத்தி வருகிறோம். எப்பொழுதும் அது நிறைவேறுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாட்சியாக அழைக்கப்படும்பொழுது

ஓரிடத்தைச் சோதிக்கும்பொழுது அவ்வூரின் மதிப்பிற்குரியோர் இருவரையேனும் சாட்சிகளாக அழைக்கச் சட்டம் கூறுகிறது. ஊராட்சி உறுப்பினரே முதலில் அழைக்கப்படுவார். எழுத்து மூலம் அழைக்கப்பட்டபின் நியாயமான காரணமின்றி மறுப்பது குற்றம். ஆனால் அழைத்தவுடன் சென்று, நீட்டிய தாளில் கையொப்பமிட்டு வந்துவிடுவதும் பெருந்தவறு. சோதனை தொடங்குமுன்னர் அங்கே இருத்தல் வேண்டும். எடுத்த பொருளை, எடுத்த இடத்தை, நிறுத்த எடையை, முத்திரையிட்டதைத் தம் கண்ணாற் காணல் வேண்டும். மகஜரைப் படித்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு, கண்டது மட்டும் அதில் இருப்பின் கையொப்பமிட வேண்டும். வெற்றுத் தாளில் எவர் கேட்பினும் கையொப்பமிடலாகாது. ஆண்டுகள் கழித்து நீதிமன்றக் கூண்டில் நின்று அக்கையொப்பத்துக்கு விடை கூற வேண்டியவர் அவரே. பகைமை காரணமாக ஒருவன் வேலிக்குள் செடியையோ பொட்டலத்தையோ போட்டுவிட்டுத் தகவல் கொடுப்பதும் உலகில் உண்டு. கண்ணுள்ள சாட்சி நின்றால் அத்தகைய சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும்.

தகவல் கூறுவோர்க்கு அச்சம் இயல்பே. தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கூறுமாறு அலுவலரை எவரும் கட்டாயப்படுத்த முடியாது என்று 68ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட ‘மானஸ்’ என்னும் தேசியத் தொலைபேசி எண் 1933. அதில் பெயர் கூறாமலும் சொல்லலாம். உடனடி உதவிக்கு 112. கூறும்பொழுது வதந்தியைக் கூறற்க. ஊர், சர்வே எண் அல்லது அருகிலுள்ள அடையாளம், கண்ட நாள், கண்ட நேரம், வண்டியாயின் அதன் எண் ஆகிய இவையே வேண்டும். இன்னார் மீது ஐயம் என்று பெயரைச் சொல்லித் தொடங்குவதைவிட, இன்ன இடத்தில் இன்னது கண்டேன் என்று கூறுவது நன்று.

இறுதியாக, பழக்கத்துக்கு அடிமையாகிவிட்ட நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பெற்றோர் பலர், மகனைக் காவலர் பிடித்துச் செல்வர் என்று அஞ்சி, நோயை மறைக்கின்றனர். சிறிய அளவுக் குற்றத்தில் அகப்பட்ட அடிமைப்பட்டவர், தாமே விரும்பி அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த மருத்துவமனையில் முழுமையாகச் சிகிச்சை பெறுவாராயின், அவர்மீது வழக்கு நடத்தப்படாமல் விலக்குப் பெற 64-ஏ பிரிவு இடமளிக்கிறது. சிகிச்சையை இடையில் நிறுத்தினால் அவ்விலக்கு நீக்கப்படலாம். வழிகாட்டுதலுக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு. மலைக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும் கிராம சபைகளுள் அடுத்து வருவதில், 46, 47, 60, 64-ஏ ஆகிய நான்கு பிரிவுகளையும் உரக்கப் படித்து நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு ஊராட்சிச் செயலர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படிக்கும்பொழுது, எஸ்டேட்டுக் காவற்காரர்களையும் ஜீப் ஓட்டுநர்களையும் தனியே அழைத்து அமரச் செய்தல் வேண்டும். அவர்கள் வழக்கமாகக் கிராம சபைக்கு வருவதில்லை.